லாரியில் வந்த கொழுப்பும் எங்கள் டைஜஸ்டரும்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை செய்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுதான். வெளியிலிருந்து டேங்கரில் வரும் கொழுப்பையும் உணவுக் கழிவையும் டைஜஸ்டருக்குள் விட்டால் வாயு அள்ளிக் கொட்டுமாமே, நிஜமா? (டைஜஸ்டர் என்பது, கழிவுநீரிலிருந்து பிரித்த சேற்றைக் காற்றுப் புகாமல் அடைத்து, நுண்ணுயிர்களைக் கொண்டு செரிக்கவைக்கும் பெரிய தொட்டி.) நிஜம்தான். ஆனால் அந்த நிஜத்துக்குப் போய்ச் சேர எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது, நடுவில் ஒரு டைஜஸ்டர் கிட்டத்தட்ட கைவிட்டுப் போய்த் திரும்பி வந்தது. எங்களுக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன், இதில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவும்.

எங்களிடம் தலா 2,000 கன மீட்டரில் இரண்டு டைஜஸ்டர்கள். ஒவ்வொன்றுக்கும் தினமும் சுமார் 100 கன மீட்டர் சேறு போகும், அதாவது உள்ளே போனது 20 நாள் தங்கும். 35 முதல் 37 டிகிரி வெப்பத்தில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயுவாக்கும், அந்த வாயுவில் 60 முதல் 65 சதவீதம் மீத்தேன். ஜெனரேட்டரில் எரித்தால் ஒரு கன மீட்டர் வாயுவுக்கு ஏறக்குறைய 2 யூனிட் மின்சாரம் வரும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் காற்றூட்டும் தொட்டிகளுக்குக் காற்றை ஊதும் புளோயர்கள் மட்டுமே நிலையத்தின் மின்சாரத்தில் பாதியைக் குடித்துவிடும், சொந்தச் சேற்றில் வரும் வாயு அதற்கு ஈடு கொடுக்காது. காரணம் எளிது. சேறு என்பது ஏற்கனவே ஒரு தடவை செரித்த சாப்பாடு, சத்து பாதி போய்விட்டது. கொழுப்பு அப்படியில்லை. கணக்குப்படி ஒரு கிலோ மாவுச்சத்து சுமார் 0.8 கன மீட்டர் வாயு தரும், ஒரு கிலோ கொழுப்பு 1.4 வரை தரும், அதிலும் மீத்தேன் 70 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

இன்னொரு பக்கம், அதே கொழுப்புதான் பாதாளச் சாக்கடைக் குழாய்களில் போய்க் கட்டியாகி அடைப்பை உண்டாக்கிக்கொண்டிருந்தது. பெரிய சமையலறைகளில், கழுவிய நீரோடு வரும் கொழுப்பைப் பிடித்துவைக்கும் கிரீஸ் ட்ராப்பில் அள்ளியதை ஏற்றிக்கொண்டு போகும் லாரிகள் அதை எங்கே கொட்டின என்று யாரும் சரியாகக் கேட்கவில்லை. எனக்கு இந்த வேலையில் ஆசை வந்ததே அங்கேதான், மின்சாரம் எல்லாம் அப்புறம். அமெரிக்காவில் ஓக்லாந்தில் இருக்கும் ஈஸ்ட் பே நிலையம் 2002 முதல் லாரிக் கழிவை எடுத்துக்கொண்டு, 2012-இல் தன் தேவைக்கும் மேலே மின்சாரம் தயாரிக்கிற இடத்துக்கு வந்துவிட்டது. ஓரிகனில் கிரீஷம் என்கிற ஒரு சின்ன நிலையம் 2015-இல் தன் தேவைக்குச் சமமாக உற்பத்தி செய்யும் நிலையைத் தொட்டது. அவர்களால் முடிந்தது நமக்கு ஏன் முடியாது என்றுதான் ஆரம்பித்தோம்.

முதல் நான்கு மாதம் ஒரு லாரியைக்கூட உள்ளே விடவில்லை. வெறும் பாட்டில்கள். வரக்கூடிய ஒவ்வொரு கழிவிலும் கொஞ்சம் எடுத்து, எங்கள் டைஜஸ்டர் சேற்றோடு கலந்து, காற்றுப் புகாமல் மூடி, முப்பது நாள் இளஞ்சூட்டில் வைத்து, எவ்வளவு மீத்தேன் வருகிறது என்று அளக்கும் சோதனை அது. எங்கள் ஆய்வகத்தில் இருந்த அக்காதான் இதில் பிடிவாதமாக நின்றார். எனக்குப் பொறுமையில்லை, வாயு வரும் என்பது தெரிந்த விஷயம்தானே என்றேன். “வாயு வருமா என்று பார்க்கவில்லை தம்பி, விஷம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்” என்றார். அவர் சொன்னது சரி. ஒரு இடத்திலிருந்து வந்த கிரீஸில், தரை கழுவும் ரசாயனம் கலந்திருந்ததால் பாட்டிலில் பத்து நாள் வரை ஒன்றுமே வரவில்லை. அது டைஜஸ்டருக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

அனுமதிக் கடிதங்கள், பாதுகாப்புத் தணிக்கை எல்லாம் நேரம் தின்றன, ஆனால் அதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆவணங்களைத் தவறாமல் வைத்திருந்தால் நகர்ந்துவிடும்.

இறக்கும் இடத்தைக் கட்டியதில்தான் நிறையக் கற்றோம். லாரிக் குழாயை மாட்டினால் நேராகத் தொட்டிக்குப் போகும் என்று நினைத்தோம். முதல் வாரமே பம்ப் நின்றது, திறந்து பார்த்தால் உள்ளே ஸ்பூன்கள், பாட்டில் மூடிகள், ஒரு முழுக் கையுறை. அப்புறம்தான் கல், இரும்பு தங்கும் குழி ஒன்றும் அரவை இயந்திரம் ஒன்றும் போட்டோம். கொழுப்பு ஆறினால் மெழுகு மாதிரி குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அதனால் சேமிப்புத் தொட்டிக்கும் குழாய்களுக்கும் சூடு கொடுக்க வேண்டும், அந்தச் சூட்டை ஜெனரேட்டரின் குளிரூட்டும் நீரிலிருந்தே எடுத்தோம். தொட்டியை விடாமல் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்பு மேலேயும் தண்ணீர் கீழேயுமாகப் பிரிந்து, காலையில் வெறும் தண்ணீரையும் மாலையில் முழுக் கொழுப்பையும் டைஜஸ்டருக்கு ஊட்டிக்கொண்டிருப்போம். நாங்கள் முதல் மாதம் அதைத்தான் செய்தோம், வாயு அளவு ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டும் இருந்தோம்.

ஒரு முடிவு மட்டும் ஆரம்பத்திலேயே சரியாக எடுத்தோம். லாரிக் கழிவை முதல் டைஜஸ்டருக்கு மட்டும் விடுவது, இரண்டாவதைத் தொடாமல் வைப்பது. பின்னால் எங்களைக் காப்பாற்றியதே இதுதான்.

தினமும் இரண்டு கன மீட்டரில் ஆரம்பித்து, இரண்டு மாதத்தில் பத்துக்கு வந்தோம். அளவில் சேற்றில் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் அந்த டைஜஸ்டரின் வாயு ஏறக்குறைய பாதியளவு கூடிவிட்டது. தங்கும் நாட்கள் 20-லிருந்து 18 ஆயின, அது பரவாயில்லை, 15-க்குக் கீழே போகாமல் இருந்தால் போதும் என்பது எங்கள் கணக்கு. எல்லோருக்கும் சந்தோஷம். இன்னும் ஏற்றலாமே என்று மேலிருந்தும் கேட்க ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. ஒரு நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாள், எல்லா லாரிகளும் ஒரே மாலையில் வந்து நின்றன. சேமிப்புத் தொட்டி நிரம்பிவிட்டது, திருப்பி அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை, இடம் காலி பண்ணுவதற்காக இரவு ஷிஃப்டில் மூன்று நாள் தீனியை மூன்று மணி நேரத்தில் டைஜஸ்டருக்குள் தள்ளிவிட்டோம். அந்த ஷிஃப்டில் நானும் இருந்தேன், நான் தடுத்திருக்க வேண்டும். மறுநாள் வாயு எகிறியது, மீட்டரைப் பார்த்து மகிழ்ந்தோம். அதற்கு அடுத்த நாள் விடியற்காலையில் நுரை. டைஜஸ்டர் தலையில் நுரை பொங்கி வாயுக் குழாய்க்குள் ஏறி, அழுத்தத்தைத் தணிக்கும் வால்வை அடைத்து, கூரை ஓரமாகப் பழுப்பு நிறத்தில் வழிந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டரை நிறுத்தினோம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் காலையில் பிஹெச், அதாவது அமில-கார அளவு, 7.1. பார்த்தால் எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆனால் அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதம், வழக்கமாக எங்களுக்கு 0.15-இல் நிற்பது, 0.5-ஐத் தாண்டியிருந்தது. வாயுவில் கரியமில வாயு கூடி, மீத்தேன் 55 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. காரத்தன்மை இருக்கும் வரை அது அமிலத்தை வாங்கித் தாங்கிக்கொண்டே இருக்கும், பிஹெச் அசையாது, அது தீர்ந்த பிறகு பிஹெச் சட்டென்று விழும். பிஹெச் விழுவதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று இருந்தால் அதற்குள் காரியம் கெட்டுவிட்டிருக்கும். விகிதம் 0.3-க்கு மேலே நகர்ந்தாலே தீனியைக் குறைப்பது என்பது இன்று எங்கள் சட்டம்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், டைஜஸ்டருக்குள் வேலை செய்வது இரண்டு கூட்டங்கள். கொழுப்பை உடைத்து அமிலமாக்கும் கூட்டம் சில மணி நேரத்திலேயே பெருகும். அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் ஆக்கும் கூட்டம் பெருகுவதற்கு நாள்கணக்கில் ஆகும். திடீரென்று கொட்டினால் முதல் கூட்டம் சமைத்துக் குவிக்கும், இரண்டாவது கூட்டத்தால் சாப்பிட்டு முடிக்க முடியாது. போதாததற்கு நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் நுண்ணுயிர்களின் மேலேயே படலமாக ஒட்டி, அவை தின்ன முடியாதபடி செய்துவிடும், நுரை கட்டுவதிலும் அவற்றுக்குப் பங்குண்டு.

மூத்த ஆபரேட்டர் அண்ணன் வந்து முதலில் சொன்னது, யாரும் சுண்ணாம்பைத் தொடாதீர்கள் என்பதுதான். சுண்ணாம்பைக் கொட்டினால் அது கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு உள்ளே வெற்றிடத்தை உண்டாக்கும், கூரைக்கே ஆபத்து. லாரிக் கழிவை முழுக்க நிறுத்தினோம், சேற்றையும் பாதியாக்கினோம், இரண்டாவது டைஜஸ்டரின் ஆரோக்கியமான சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக முதலாவதுக்கு மாற்றினோம், சோடியம் பைகார்பனேட்டை அளந்து கரைத்துவிட்டோம். விகிதம் 0.2-க்குத் திரும்ப 19 நாள் ஆனது. அந்த 19 நாளும் காலையில் எழுந்ததும் ஆய்வகத்துக்குத்தான் முதல் போன்.

அதற்கப்புறம் நாங்கள் மாற்றியவற்றில் பெரியது, தீனி நேரம். இப்போது ஒவ்வொரு மணி நேரமும் சில நிமிடம் மட்டும் பம்ப் ஓடுகிறது, இரவும் பகலும், விடுமுறையும் வேலைநாளும் ஒரே அளவு. வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டுவதில்லை. தொட்டி நிரம்பினால் லாரி திரும்பிப் போகும். ஓட்டுநர்களிடம் முதலில் இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. “சார், தூரத்திலிருந்து வருகிறேன்” என்று ஒருவர் கெஞ்சியபோது மனசு கேட்கவில்லை. இப்போது முந்தின நாளே போன் செய்து இடம் பதிவு செய்துகொள்கிறார்கள். ஒவ்வொரு லாரியிலும் இறக்குவதற்கு முன்னால் ஒரு மாதிரி எடுக்கிறோம், பிஹெச்சும் வெப்பமும் அங்கேயே பார்க்கிறோம், ஒரு பாட்டில் குளிர்பெட்டிக்குப் போகிறது. பின்னால் ஏதாவது ஆனால் எந்த லாரி என்று தெரிய வேண்டும் அல்லவா.

வாயுவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், வாயுவோடு சேர்ந்து வருவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. புரதம் அதிகமுள்ள கழிவு வந்தபோது ஹைட்ரஜன் சல்பைடு என்கிற கந்தக விஷ வாயு ஆயிரம் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) தாண்டியது, அது எஞ்சின் எண்ணெயை அமிலமாக்கி பேரிங்குகளை அரிக்கும். ஃபெரிக் குளோரைடைச் சேற்றில் கலந்து கந்தகத்தை அங்கேயே பிடித்துவைக்கக் கற்றுக்கொண்டோம். ஷாம்பூ, முகப்பூச்சு வழியாகச் சாக்கடையில் வரும் சிலாக்சேன் என்கிற சிலிக்கான் சேர்மம் எரியும்போது மணலைப் போன்ற படிவமாக வால்வுகளில் உட்காரும், அதற்குக் கரி வடிகட்டி போட வேண்டும். அதே புரதம் உடைந்து அம்மோனியாவாகி, சேற்றைப் பிழிந்த நீரோடு நிலையத்தின் முகப்புக்கே திரும்பி வருகிறது, அதைச் சுத்திகரிக்கப் புளோயர் இன்னும் கொஞ்சம் ஓட வேண்டும். பிழிந்த நீர்க் குழாயில் ஸ்ட்ரூவைட் என்கிற மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் சேர்ந்த படிகம் கல்லாகக் கட்டியது தனிக் கதை. மின்சாரம் எவ்வளவு கூடியது என்று கணக்குப் போடுபவர்கள் இதையெல்லாம் கழித்துப் பார்க்க வேண்டும். நாங்கள் கழித்துப் பார்த்தோம், அப்படியும் லாபம்தான்.

பாதுகாப்பு பற்றி ஒரே ஒரு விஷயம். இறக்கும் தொட்டியின் மூடியைத் திறந்த ஒரு நண்பர், முதலில் அழுகின முட்டை நாற்றம் அடித்தது, இப்போது இல்லை, வாயு போய்விட்டது போல என்றார். அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தோம். ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம்மை நெருங்கினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் நின்றுவிட்டது என்றால் ஆபத்து கூடிவிட்டது என்று அர்த்தம். சட்டையில் மாட்டும் வாயுமானி இல்லாமல் இப்போது யாரும் அந்தப் பக்கம் போவதில்லை, ஓட்டுநர்கள் உட்பட.

இன்றைக்கு முதல் டைஜஸ்டர் தினமும் 12 கன மீட்டர் லாரிக் கழிவைச் சாப்பிடுகிறது. போன மாதம் சில இரவுகளில், சாக்கடை வரத்து குறைந்த நேரத்தில், வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பூஜ்யத்தில் நின்றது. பழக்கூழ்க் கழிவு தருகிறோம் என்று புதிதாக ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய பாட்டில்கள் ஆய்வகத்தின் இளஞ்சூட்டுப் பெட்டியில் இருக்கின்றன, இன்று பதினோராவது நாள், இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.