அவுட்டுக்காய் வழக்கில் நான் சாட்சியான கதை

2023 கார்த்திகை மாதம், விடிந்து ஆறரை மணி இருக்கும். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தீபாவளி முடிந்து ரெண்டு வாரம்தான் ஆகியிருந்ததால் பிள்ளைகள் மிச்சத்தை வெடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சாணி அள்ளப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் கீழ்க்காட்டில் மேயக் கட்டியிருந்த எங்கள் செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றது. கீழ்த்தாடை தொங்கிக்கொண்டிருந்தது. நாக்கில் பாதியைக் காணோம். மாடு கத்தவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது.

எங்கள் தோட்டம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டிய மலையடிவாரத்தில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அவுட்டுக்காய். பன்றிக்காய் என்றும் சொல்வார்கள். உள்ளே வெடிமருந்து, மேலே மிருகத்துக்குப் பிடித்த தீனி. கடித்தால் வாயிலேயே வெடிக்கும். காட்டுப்பன்றிக்கு என்றுதான் வைப்பார்கள். ஆனால் அதை யார் கடிப்பார்கள் என்று வைத்தவனுக்கே தெரியாது. 2020இல் பாலக்காடு மாவட்டத்தில் வெடி வைத்த தீனியைக் கடித்து வாய் சிதைந்த கர்ப்பிணி யானை ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்துப்போனதை நாடே பார்த்தது. நானும் அன்றைக்கு அழுதேன். அதே சாவு என் வாசலுக்கு வரும் என்று நினைக்கவில்லை.

கால்நடை மருத்துவர் வந்ததும் நான் ஒரு குடம் தண்ணீரோடு ஓடினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். முதலில் வாயை நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். பல்லிடுக்கில் சிக்கியிருந்த கருகிய நூலை இடுக்கியால் எடுத்துக் காகிதக் கவரில் போட்டு, தேதி, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் கழுவவே விட்டார். "இதைத் தொலைச்சுட்டா நாளைக்கு மாடு கல்லுல முட்டிக்கிச்சுன்னு சொல்லிருவாங்கம்மா" என்றார். அந்த நூலின் மதிப்பு எனக்குப் புரிய ஒன்றரை வருஷம் ஆனது.

செவலை மூன்று நாள் உயிரோடு இருந்தது. சாப்பிட முடியாது, தண்ணீர் உறிஞ்ச முடியாது. குளுக்கோஸ் ஏற்றினோம். தாடை எலும்பு நொறுங்கிவிட்டதால் பிழைக்காது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் ராத்திரி போய்விட்டது. புதைக்கும் முன் உடற்கூராய்வு கேட்டு எழுதிக்கொடுத்தேன். இப்படி யாருக்காவது நேர்ந்தால் அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். துக்கத்தில் உடனே குழி தோண்டத்தான் தோன்றும். புதைத்த பிறகு நிரூபிக்க எதுவும் இருக்காது.

புகார் கொடுக்க முதலில் போன போலீஸ் ஸ்டேஷனில், "பன்னிக்கு வெச்சதுங்க, வனத்துறைக்குப் போங்க" என்றார்கள். சரி என்று திரும்பியிருப்பேன். கூட வந்திருந்த பால் சொசைட்டிச் செயலாளர்தான் விடவில்லை. மாட்டைக் கொன்றது, வெடிமருந்து வைத்திருந்தது இரண்டும் போலீஸ் வழக்கு. மாட்டைக் கொன்றதற்கு அப்போது இந்தியத் தண்டனைச் சட்டம் 429, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 325. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் வாங்கும்வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம்.

வனச்சரக அலுவலகத்துக்குப் போகும்போது எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. செத்தது வீட்டு மாடு. காட்டு மிருகம் எதுவும் சாகவில்லை. இதில் அவர்கள் என்ன செய்ய முடியும்? அங்கே இருந்த வனவர் சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது. அவர் சொன்னது: "அக்கா, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கொல்றது மட்டும் வேட்டை இல்லை. கண்ணி வைக்கிறது, இரை வைக்கிறது, முயற்சி பண்றது எல்லாமே வேட்டைதான். பட்டா நிலத்துல வெச்சாலும் அதேதான்." எழுதி வாங்கிக்கொண்டு அன்றைக்கு மத்தியானமே ஜீப்பில் வந்துவிட்டார்கள்.

அவர்கள் வேலை செய்ததை நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் நாலு பேர். வனவர், ஒரு வனக்காப்பாளர், ரெண்டு வேட்டைத் தடுப்புக் காவலர்கள். காவலர்களில் மூத்தவர் ஊராளிப் பழங்குடியைச் சேர்ந்தவர், மலைமேல் ஊர்க்காரர். மற்ற மூவரையும் வரப்பிலேயே நிற்கவைத்துவிட்டு அவர் மட்டும் மெதுவாக உள்ளே போனார். கால் வைக்கும் முன் ஒவ்வொரு தடவையும் தரையைப் பார்த்தார். மாடு ஓடிய தடத்தைப் பிடித்துப் பின்னோக்கிப் போய் வெடித்த இடத்தைக் காட்டினார். மண்ணில் ஒரு சின்னக் கருகல், ரத்தம், சிதறிய நூல். அதற்கப்புறம் வேலியோரம் பன்றி நுழைகிற சந்துப் பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். வெடிக்காமல் இன்னொன்று கிடந்தது. அங்கேதான் என் மகள் தினமும் ஆட்டுக்குத் தழை ஒடிப்பாள்.

யாரும் அதைத் தொடவில்லை. சுற்றிலும் கல் வைத்து, ஒரு ஆளைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, போலீஸின் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவுக்குச் சொன்னார்கள். அவர்கள் வந்து எடுத்துப்போக இருட்டிவிட்டது. காட்டில் இப்படி எதையாவது பார்த்தால் தயவுசெய்து குச்சியால்கூடத் தள்ளாதீர்கள். அதை எடுக்கப் போய்க் கை இழந்தவர்கள் இந்தப் பக்கத்திலேயே உண்டு.

அதே வேலி சந்தில் ரெண்டு சுருக்குக் கம்பியும் கிடைத்தது. பைக் கிளட்ச் ஒயரில் முடிந்தது. அளவுகோல் வைத்துப் போட்டோ, ஜி.பி.எஸ். குறிப்பு, தனித்தனிப் பையில் போட்டு அரக்கு முத்திரை. அப்புறம் பார்வை மகஜர். எந்த இடத்தில், எந்த நேரத்தில், யார் முன்னிலையில் என்ன எடுத்தோம் என்பதை எழுதுகிற காகிதம் அது. ரெண்டு சாட்சி வேண்டும். வேடிக்கை பார்க்க நின்ற இருபது பேரில் பாதிப் பேர் அந்த வார்த்தை கேட்டதுமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அவர்களைத் தப்பாகச் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போட்டால் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலையணும், ஊரில் பகை வரும். கடைசியில் செயலாளர், "நான் போடறேன் அம்மணி" என்றார். இன்னொருவர் போர் மோட்டார் ரிப்பேர் பார்க்க வந்திருந்த வெளியூர்த் தம்பி.

அடுத்த வாரம் ஒரு வீட்டில் சோதனை போட்டார்கள். நான் அங்கே இல்லை. பிறகு கோர்ட் காகிதத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அதே மாதிரி கிளட்ச் ஒயர் கம்பிகள், அதே ரக நூல்கண்டு, ஃபிரிட்ஜில் கறி. வீட்டுக்காரர் ஆட்டுக்கறி என்று சொல்லியிருக்கிறார். மாதிரி எடுத்து வண்டலூரில் உள்ள உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கறியைத் துண்டு போட்டாலும், வேகவைத்தாலும்கூட டி.என்.ஏ. வைத்து எந்த மிருகம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாமாம். புள்ளிமான் என்று அறிக்கை வந்தது.

அவர் எனக்குத் தெரிந்தவர். நாலு தோட்டம் தள்ளிக் குத்தகைக்கு உழுகிறவர். அவர் சோளத்தையும் பன்றி அழித்திருக்கிறது, என்னுடையதையும் அழித்திருக்கிறது. பழைய சேலையைச் சுற்றி வேலி கட்டி, ராத்திரி முழுக்கத் தகரம் தட்டி நாங்கள் படுகிற பாடு காட்டை ஒட்டி உழுகிறவர்களுக்குத்தான் தெரியும். 2025 ஜனவரியில் வந்த அரசாணை காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றிகளை வனத்துறையே சுட வழி செய்தது. நாங்கள் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறோம், எங்களுக்கு அது பொருந்தாது. அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் மான்கறிக்கும் சோளத்துக்கும் என்ன சம்பந்தம்?

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வாக்குமூல நாள். உதவி வனப் பாதுகாவலர் முன்னால் சாட்சியம் பதிவு செய்ய அழைத்தார்கள். அந்தத் தரத்திலுள்ள அதிகாரி பதிவு செய்கிற சாட்சியம், குற்றம் சாட்டப்பட்டவர் எதிரிலேயே எடுக்கப்பட்டிருந்தால்தான் கோர்ட்டில் செல்லும். வன உயிரினச் சட்டம் 50ஆம் பிரிவில் அப்படிச் சொல்கிறது. அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள்தான் ரேஷன் கடையில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனக்கா, மாட்டுக் காசைக் குடுத்தர்றோம்" என்று அழுதிருந்தார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வனவர் அன்றைக்குக் காலையில் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார்: "பார்த்ததைச் சொல்லுங்க. பார்க்காததைப் பார்க்கலைன்னு சொல்லுங்க. எங்களுக்கு உதவுறதா நினைச்சு ஒரு வார்த்தைகூடச் சேர்த்துராதீங்க அக்கா." அப்படியே செய்தேன். குத்தகைக்காரர் காய் வைத்ததை நான் பார்க்கவில்லை. மாடு வந்து நின்றதைப் பார்த்தேன், இரண்டாவது காய் கிடந்த இடத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடி இருந்தார். வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்ததும் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.

இந்தச் சட்டத்தில் வழக்கு போகிற பாதை வேறு. அதிகாரம் பெற்ற வன அதிகாரியே நேராக நடுவர் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்கிறார். அதனால் சாட்சி ரெண்டு முறை வர வேண்டியிருக்கும் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. குற்றச்சாட்டு வனையும் முன் ஒரு முறை, வனைந்த பிறகு குறுக்கு விசாரணைக்கு ஒரு முறை. முதல் சாட்சியம் 2025 மாசியில், அதற்குள் ஆறு வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பால் கறவையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு பஸ் ஏற வேண்டும். வரமாட்டார் என்று நினைத்த மோட்டார் ரிப்பேர் தம்பி ரெண்டு முறையும் வந்தார்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது மருத்துவர் சொன்ன அதே கேள்விதான். மாடு கல்லில் மோதியிருக்கலாம் இல்லையா? அரக்கு முத்திரைக் கவர் மேசைக்கு வந்தது. உள்ளே பல்லிடுக்கு நூல், வெளியே மருத்துவரின் கையெழுத்து, 2023ஆம் வருஷத் தேதி. அந்தக் கவரை அங்கே பார்த்ததும் செவலை வாசலில் நின்றது அப்படியே என் கண்ணில் தெரிந்தது. நீதிபதி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

மாட்டுக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. காட்டு மிருகம் அடித்த மாட்டுக்குத்தான் வனத்துறை கொடுக்கும். இது மனுஷன் வைத்தது. மாட்டுக் கடனின் கடைசித் தவணையைப் போன மாதம்தான் கட்டினேன். வனத்துறை வழக்கில் வாதம் நடக்கிறது, தீர்ப்பு வரவில்லை. போலீஸ் வழக்கு தனியாக ஓடுகிறது. ரெண்டு வழக்கு எண்ணையும் மகஜர் நகலையும் ஒரு பையில் போட்டு நெல் குதிர்மேல் வைத்திருக்கிறேன். அந்த ஊராளி அண்ணன் பத்து நாளைக்கு ஒருமுறை எங்கள் வேலி சந்துப் பக்கம் வந்து தரையைப் பார்த்துவிட்டுப் போகிறார். அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் மகளை அந்தப் பக்கம் தழை ஒடிக்க விடுகிறேன்.