ல, ள

அந்த மொழியில் "தள்ளி" என்றுதான் எழுதினேன். வாக்குமூலத்தை எங்கள் கேரள போலீஸ் ஸ்டேஷன்களில் மொழி என்றுதான் சொல்வோம். "தல்லி" என்று எழுதியிருக்க வேண்டுமோ என்ற சந்தேகம் இன்னும் விடவில்லை.

மலையாளத்தில் தள்ளி என்றால் தள்ளினான், தல்லி என்றால் அடித்தான். இன்றைய தமிழ்ப் பேச்சில் அந்த இரண்டாவது சொல் பொதுவாகப் புழங்குவதில்லை. ஆனால் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலூகாவில், பல் போன ஒரு பாட்டியின் வாயில் ல எது, ள எது?

"வரப்புல போயிட்டிருந்தனுங்க சார். குறுக்க வந்து தல்லீட்டானுங்க. கையோட உழுந்துட்டேன்."

"அடிச்சானா ஆத்தா, தள்ளி உட்டானா?"

"அதானுங்க சார், தல்லீட்டான். உழுந்துட்டேன்."

எது "அதான்"? தமிழ்க்காரி, தள்ளினான் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற மலையாளி சகாவுக்கு அடித்தான் என்று கேட்டது. ஐம்பது வருஷம் மலையாளத்தோடு புழங்கியவள் அந்தச் சொல்லையே எடுத்துப் பேசியிருந்தால், அவர் காதுதான் சரி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தகவல் சீட்டு உதவவில்லை. அதில் "அசால்ட்" என்று மட்டும் இருந்தது. அதற்குள் இரண்டும் அடங்கும். எக்ஸ்ரேயில் இடது மணிக்கட்டு முறிவு. கையூன்றி விழுந்தால் அந்த இடம்தான் உடையும். அடியைத் தடுக்கக் கையை உயர்த்தியிருந்தால் பெரும்பாலும் முன்கையின் நடுவில் உடையும். ஆகவே நான் எழுதியது சரி என்று பல தடவை சொல்லிக்கொள்கிறேன். அடி வாங்கியும் ஒருத்தி விழலாம் என்பது பிறகுதான் நினைவுக்கு வரும்.

எலும்பு முறிந்தால், அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டம் 320-இன் ஏழாவது வகைப்படி கொடுங்காயம். 325-இல் ஏழு ஆண்டு வரை தண்டனை இருந்தது. ஆனால் கொடுங்காயம் உண்டாக்கும் எண்ணமோ, உண்டாகும் என்ற அறிவோ இருந்தாக வேண்டும் என்றது 322. "சும்மா தள்ளினேன், கிழவி விழுந்துவிட்டாள்" என்று எதிரி வக்கீல் நிற்க அந்த ஒரு ள போதும். வழக்கு சாதாரணக் காயத்துக்கான 323-க்கு இறங்கிவிடும், ஓராண்டுதான். கூண்டில் அவள் அதே உச்சரிப்பில் சொல்லி, மாஜிஸ்திரேட் காதில் அடித்தான் என்று விழுந்தால், முதல் மொழிக்கு முரண் என்று அதையும் பிடித்துக்கொள்வார்கள்.

காதில் ஒரு மொழி, காகிதத்தில் இன்னொன்று என்பது இந்த மண்ணின் போலீசுக்குப் புதிதல்ல. சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. பாலக்காடு மலபாரோடு சேர்ந்து மதராசின் கீழ் இருந்தது. 1859-இன் சட்டத்தால் அமைந்த மதராஸ் போலீஸ்தான் அங்கே. 1956 நவம்பர் 1 அன்று எல்லாம் கேரள போலீஸ் ஆனது. 1969-இன் ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழருக்கும் கன்னடியருக்கும் ஓர் உரிமை உண்டு: சிறுபான்மை மொழிப் பகுதியாக அறிவித்த இடங்களின் அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதிலேயே வர வேண்டும். எழுதத் தெரிந்தவனுக்கு அது பெரிய பலம். வாயால் சொல்கிறவளின் சொல் என் காது வழியாகத்தான் போக வேண்டும்.

அவள் சொன்ன சொல்லை அப்படியே மேற்கோள் குறிக்குள் மலையாள எழுத்தில் போட்டு, பக்கத்தில் "கையால் அடித்தானா, தள்ளினானா என்று கேட்டதற்கு இந்தப் பதில்" என்று குறித்திருக்கலாம். அல்லது மொழியைத் தமிழிலேயே எழுதி மொழிபெயர்ப்பை இணைத்திருக்கலாம். அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் 154 கேட்டது இவ்வளவுதான்: சொன்னதை எழுது, படித்துக் காட்டு, கையெழுத்து வாங்கு, நகலை இலவசமாகக் கொடு. 2024 ஜூலை முதல் அது புதிய நடைமுறைச் சட்டத்தில் 173 ஆகிவிட்டது. படித்துக் காட்டுவது மாறவில்லை.

நானும் படித்துக் காட்டினேன். மலையாளத்தில் எழுதியதைத் தமிழில் நானே சொன்னேன். சொல்லும்போது என் நாக்கில் ள சுத்தமாக வந்தது. "ஆமாங்க சார்" என்றாள். இடது கை மாவுக்கட்டில் இருந்ததால் வலது பெருவிரலை மையில் நானே பிடித்து உருட்டினேன்.