38 சென்ட்

மாடி வீட்டுச் சிறுமி இன்று மாலை முழுவதும் கீபோர்டில் 'ஓ! சுசானா'வை வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

பயிற்சிப் புத்தகத்தில் பாடலுக்கு மேலே பொடி எழுத்தில் ஸ்டீபன் ஃபாஸ்டர் என்ற பெயர் இருக்கிறது.

1826 ஜூலை 4 அன்று பிட்ஸ்பர்க் அருகே பிறந்த இவர், பாட்டு எழுதியே பிழைத்துவிடலாம் என்று நம்பிய முதல் அமெரிக்கர்களில் ஒருவர். அசட்டுத் துணிச்சல்தான், மேடையில் பாடுபவர் அவருக்குக் காசு தரவேண்டியதில்லை, இசைத்தாள் விற்றால்தான் வருமானம், அதையும் போட்டிப் பதிப்பாளர்கள் கேட்காமலே அச்சிட்டு விற்றார்கள்.

1851இல் வெளியான, ஃபாஸ்டர் எழுதிய 'ஓல்டு ஃபோக்ஸ் அட் ஹோம்' பாட்டின் இசைத்தாள் முகப்பில் ஆக்கியவராக அச்சானது, முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவரைப் போல் நடிக்கும் மின்ஸ்ட்ரல் குழுவின் தலைவர் கிறிஸ்டியின் பெயர். ஃபாஸ்டரே பணம் பெற்றுக்கொண்டு சம்மதித்ததுதான். மறு ஆண்டே தம் பெயரைப் போட விரும்புவதாகக் கிறிஸ்டிக்குக் கடிதம் எழுதினார், பயனில்லை. (அந்தப் பாட்டில் வரும் சுவானி ஆற்றை அவர் பார்த்ததேயில்லை. வரைபடத்தில் தேடியெடுத்த பெயர் அது.)

1857இல் கடன் நெருக்க, பாடல்களின் வருங்கால வருவாயை ஏறத்தாழ 1,900 டாலருக்கு விற்றுவிட்டார்.

1864 ஜனவரியில், 37 வயதில், நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் இறந்தபோது அவருடைய பணப்பையில் இருந்தது 38 சென்ட். கூடவே ஒரு காகிதத் துண்டு. அதில் 'அன்பு நண்பர்களே, மென்மையான உள்ளங்களே' என்று பென்சிலால் எழுதியிருந்தது.

பின்னாளில் பிட்ஸ்பர்க்கில் அவருக்குச் சிலை வைத்தார்கள். காலடியில் கறுப்பினத்தவர் ஒருவர் பான்ஜோ வாசித்தபடி அமர்ந்திருந்த அந்தச் சிலை 2018இல் அகற்றப்பட்டது. அகற்றியது சரியென்றே நினைக்கிறேன்; அவருடைய பாடல்களையும் ஒதுக்கிவிட வேண்டுமா என்று அவ்வளவு உறுதியாக என்னால் சொல்ல முடியவில்லை.