ஜாவா இன்டர்வியூ: நான் எப்படி ப்ரிப்பேர் பண்ணேன்

ரொம்ப வருஷமா ஒரே பேங்கிங் ப்ராஜெக்ட்ல ஜாவா 8ஐ வச்சு குப்பை கொட்டிட்டு இருந்தேன், நோட்டீஸ் பீரியட் வேற 90 நாள், அதைக் கேட்டதுமே எச்ஆர் "சொல்றோம் சார்"னு போனை வச்சிடுவாங்க. கால் வர்றதே கம்மிங்கறதால வர்ற ஒண்ணையும் விடக்கூடாதுன்னு ஒழுங்கா உக்காந்துட்டேன்.

யூடியூப்ல இருக்கிற டாப் 100 கேள்வி வீடியோ எல்லாரும் பாக்கறது தான், அதனால இன்டர்வியூ எடுக்கறவருக்கும் அந்தப் பதில் மனப்பாடம், அவர் கேக்கறதே அதுக்கு அடுத்த கேள்வியத்தான். ஹேஷ்மேப்னா (கீ-வேல்யூ ஜோடியா டேட்டா வைக்கிற ஜாவா க்ளாஸ்) ஆரம்பத்துல 16 பக்கெட் (டேட்டா வைக்கிற கட்டம்), 0.75 லோட் ஃபேக்டர் (முக்கால்வாசி நிறைஞ்சா டேபிள் பெருசாகும்), ஒரு பக்கெட்ல 8ஐ தாண்டினா ட்ரீயா மாறும்னு ஒப்பிச்சிடுவோம், ஆனா டேபிள் சைஸ், அதாவது பக்கெட் எண்ணிக்கை, 64 வர்ற வரைக்கும் ட்ரீயா மாறாது, ரீசைஸ் தான் ஆகும். ஐடிஇல (கோடு எழுதற சாஃப்ட்வேர்) கன்ட்ரோல் அழுத்தி க்ளிக் பண்ணி சோர்ஸ் கோடுக்குள்ள போனா அப்படியே இருக்கு, எந்த வீடியோவும் வேணாம்.

ஸ்ப்ரிங் பூட்டுக்கும் (ஜாவால சர்வர் ஆப் எழுத உதவற ஃப்ரேம்வொர்க்) இதே தான் பண்ணேன். ஒரு குட்டி ப்ராஜெக்ட், ஒரே சர்வீஸ் க்ளாஸ்ல ரெண்டு மெத்தட், ஒண்ணு இன்னொண்ணைக் கூப்பிடும், ரெண்டுலயும் ட்ரான்சாக்‌ஷனல் அனோடேஷன் (டேட்டாபேஸ் வேலை முழுசா நடக்கணும், இல்லேன்னா எதுவுமே நடக்கக்கூடாதுங்கற குறி), உள்ள கூப்பிடற மெத்தடுக்கு ரிக்வயர்ஸ் நியூ, அதாவது தனியா ஒரு புது ட்ரான்சாக்‌ஷன். ட்ரான்சாக்‌ஷன் இன்டர்செப்டர் லாகை ட்ரேஸ்ல போட்டு ஓட்டினா வெளி மெத்தட் பேர் மட்டும் தான் லாக்ல வருது, உள்ள இருக்கிறதைக் காணோம். அதே க்ளாஸ்ல இருந்து கூப்பிட்டா ப்ராக்ஸி (ட்ரான்சாக்‌ஷனை ஆரம்பிக்க ஸ்ப்ரிங் நடுவுல வைக்கிற உறை) வழியா போகாது, அதான் காரணம். செக்டு எக்செப்ஷன் (கண்டிப்பா கையாளணும்னு கம்பைலர் சொல்ற பிழை) வந்தா தானா ரோல்பேக் ஆகாது, அதாவது செஞ்ச மாத்தம் திரும்பப் போகாதுங்கறதையும் இப்படியே பார்த்துக்கிட்டேன். செகண்ட் ரவுண்டுல ரெண்டையும் கேட்டாங்க, லாக்ல பார்த்ததையே சொன்னேன், அந்த ஆளு அப்புறம் ஸ்ப்ரிங் பக்கமே வரல.

ஜாவா 17ல இருக்கிற ரெக்கார்டு, சீல்டு க்ளாஸ் மாதிரி புது வசதி எல்லாம் ஒரு சாயங்காலம் போதும். 2022ல வந்த ஸ்ப்ரிங் பூட் 3க்கு குறைஞ்சது ஜாவா 17 கட்டாயம், நம்ம பழைய கோடுல ஜாவாக்ஸ்னு இருக்கிற இம்போர்ட்ல பாதி ஜகார்த்தாவா (அந்தப் பேக்கேஜோட புதுப் பேர்) மாறணும், மைக்ரேஷன் பண்ணீங்களான்னு கண்டிப்பா கேப்பாங்க.

நேரம் அதிகமா போனது ரெஸ்யூம்ல தான். ஒவ்வொரு வரிக்கும் கீழ ஏன், எப்படி, உடைஞ்சா என்ன பண்ணுவேன்னு எழுதிப் பார்த்தேன். குபர்னெட்டிஸை (கன்டெய்னர்ல ஓடற ஆப்களை நிர்வகிக்கிற சிஸ்டம்) தூக்கிட்டேன், பாட் (அதுல ஓடற ஒரு யூனிட்) ரீஸ்டார்ட் பண்றதை தாண்டி அதுல நான் எதுவும் பண்ணதில்ல. காஃப்காவை (சிஸ்டங்களுக்கு நடுவுல மெசேஜ் கொண்டு போறது) வச்சுக்கிட்டேன், ஒரே பேமெண்ட் மெசேஜ் ரெண்டு தடவை வந்தா டபுள் டெபிட் ஆகாம இருக்க ரெஃபரன்ஸ் நம்பருக்கு டேபிள்ல யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே மதிப்பு ரெண்டு தடவை வராம தடுக்கிற ரூல்) போட்டது நான் தான், அதை எவ்ளோ நோண்டினாலும் பேசலாம்.

நைட்டு ஃப்ரெண்டு ஒருத்தன் மாக் (ஒத்திகை இன்டர்வியூ) எடுப்பான். "டீம் பண்ணுச்சு டீம் பண்ணுச்சுங்கறியே, நீ என்னடா பண்ண?"ன்னு நிறுத்திடுவான், கடுப்பா இருக்கும். கடைசி மேனேஜர் ரவுண்டுல கிட்டத்தட்ட இதையே மரியாதையா கேட்டாங்க, டபுள் டெபிட் விஷயத்தை வச்சே பாதி நேரம் ஓடிடுச்சு.

ஆஃபர் வந்துச்சு. நோட்டீஸ் பையவுட் பணம் (மீதி நோட்டீஸ் நாளுக்குப் பதிலா பழைய கம்பெனிக்குக் கட்டறது) அவங்களே தர்றதா ஒத்துக்கிட்டாங்க, ஆஃபர் லெட்டர்ல எழுத்துல வர்ற வரைக்கும் நான் ராஜினாமா மெயில் அனுப்பல.