ஆஞ்சி புரூக்ஸ்: குடியியல் மாஸ்டர் பாடமாக்கச் சொன்ன பேர்

மலர்க்குழுத் தம்பி ஃபோன் எடுத்து "அண்ணை, பள்ளிக்கூட நினைவு ஏதாவது எழுதித் தாங்கோ" எண்டார். கிரிக்கெட் மேட்ச், ஹொஸ்டல் சாப்பாடு எல்லாம் போன மலரிலயே ஆக்கள் எழுதி முடிச்சிட்டினம், அதால நான் எங்கட குடியியல் மாஸ்டர் போர்ட்டில எழுதிப்போட்ட ஒரு பேரைப் பற்றி எழுதுறன். ஆஞ்சி புரூக்ஸ், லைபீரியா, 1969.

அந்த வருஷம் ஊரெல்லாம் சந்திரனில கால் வைச்ச கதைதான். மாஸ்டருக்கு மட்டும் ஐநா பொதுச்சபைக்கு ஒரு ஆபிரிக்கப் பெண் தலைவரா வந்ததில பெரிய புழுகம். முதல் பெண் தலைவர் 1953ல இந்தியாவின்ட விஜயலட்சுமி பண்டிட், அடுத்தது இவ, எழுதுங்கோடா எண்டார். எழுதினம், சோதினைக்குப் பாடமாக்கினம், அவ்வளவுதான்.

ரிட்டயர் ஆன பிறகுதான் அவவைப் பற்றி ஆறுதலா வாசிச்சன். மாஸ்டர் சொன்னது சின்னத் துண்டு.

1928ல லைபீரியாத் தலைநகர் மொன்ரோவியாக்குக் கிட்ட வேர்ஜீனியா எண்ட ஊரில பிறந்தவ. தகப்பன் பாதிரியார், வீட்டில ஒன்பது பிள்ளையள், வளர்க்க வழியில்லாம மொன்ரோவியாவில தைச்சுச் சீவிச்ச ஒரு விதவை அம்மாவிட்ட விட்டிட்டினம். பதினொரு வயசில தானாவே டைப் அடிக்கப் பழகி சட்டப் பத்திரங்கள் அடிச்சு உழைச்சவ, பதினாலில கல்யாணம், ரெண்டு பொடியள், பிறகு விவாகரத்து. எங்கட ஊர் எண்டா "இனி என்ன படிப்பு" எண்டு மூலையில இருத்தியிருப்பினம். அவ சட்டம் படிக்க வெளிக்கிட்டா! நாட்டில அப்ப லோ கொலிஜும் இல்லை, ஒரு வக்கீலிட்ட வேலை பழகி, பிறகு அமெரிக்கா போய், ராலேயில ஷா பல்கலைக்கழகத்தில 1949ல டிகிரி எடுத்தவ. செலவுக்குக் கோப்பை கழுவினது, உடுப்புத் தோய்ச்சது, லைப்ரரியில நிண்டது. இஞ்ச வெளிநாட்டுக்கு வந்த புதுசில நாங்களும் கோப்பை கழுவின ஆக்கள்தானே, அந்த இடத்தை ரெண்டுதரம் வாசிச்சன். கறுப்பு ஆக்கள் பஸ்ஸில பின்னுக்குத்தான் இருக்கோணும் எண்ட காலம் அது, அவ மாட்டன் எண்டு நிண்டிருக்கிறா. பிறகு விஸ்கொன்சினில சட்டம், லண்டனிலயும் கொஞ்சம்.

1954ல லைபீரியாத் தூதுக்குழுவில ஒரு இடம் காலியாகி ஐநாவுக்குப் போனவ, பிறகு வருஷா வருஷம் அவதான். குடியேற்ற நாடுகளின்ட விசயம் முழுக்க அவவின்ட கையில. 1961ல அதைப் பார்க்கிற நாலாம் குழுவுக்குத் தலைவர், 1966ல ஐநா பொறுப்பில இருந்த நாடுகளைக் கவனிச்ச தர்மகர்த்தா சபைக்குத் தலைவர், 1969ல பொதுச்சபை, 118 வோட்டில 113. ஆக்கள் சும்மா தூக்கிக் குடுத்த கதிரை இல்லை.

எனக்குப் பிடிச்சது வேற. பிறத்தியார் வீட்டில வளர்ந்தவ, தான் நல்லா வந்தாப்பிறகு நாப்பதுக்கு மேல பிள்ளையளை எடுத்து வளர்த்திருக்கிறா. இதை ஏன் மாஸ்டர் சொல்லேல்லை தெரியேல்லை, சோதினையில வராது எண்டாக்கும்.

1977ல லைபீரியா உச்ச நீதிமன்றத்தில முதல் பெண் நீதிபதி. 1980ல ஆமிக்காரர் ஆட்சியைப் பிடிக்க அந்தப் பதவியும் போச்சு, பிறகு நாடே சண்டைக்குள்ள. பொதுச்சபைக்கு மூண்டாவது பெண் தலைவர் வர 37 வருஷம் எடுத்தது, 2006ல பஹ்ரைனில இருந்து ஹயா ரஷீத் அல் கலீஃபா. அதே வருஷம்தான் லைபீரியாவிலயும் எலன் ஜோன்சன் சர்லீஃப் ஜனாதிபதியானவ. ரெண்டையும் பார்த்துப்போட்டு ஆஞ்சி புரூக்ஸ் 2007 செப்டெம்பரில அமெரிக்காவில ஹூஸ்டனில செத்தவ, அரச மரியாதையோட பிறந்த ஊர் வேர்ஜீனியாவில கொண்டுபோய் அடக்கம் செய்தவை.