கிளாடியஸ் மினர்வா ஆஸ்: நகலைப் பிரித்தறிவது

கி.பி. 43இல் ரோமப் பேரரசர் கிளாடியஸின் படை பிரிட்டனில் இறங்கியது. படைவீரர் கைக்குச் சில்லறை வேண்டும். ரோம் அச்சுச்சாலையிலிருந்து வந்தது போதவில்லை. அடுத்த பேரரசர் நீரோ கி.பி. 64 வாக்கில் பெருமளவில் மீண்டும் அச்சிடும்வரை அந்தக் குறையைத் தீர்த்தவை உள்ளூரில் அடித்த நகல்கள். இங்கிலாந்தின் கோல்செஸ்டர், ரிச்பரோ மண்ணில் இவை நிறையக் கிடைக்கின்றன. அன்றைய சந்தை அறிந்தே புழங்கிய காசு என்பதால், இவற்றைக் 'கள்ள நாணயம்' என்று பதிவேட்டில் எழுதுவது எனக்குச் சரியாகப் படுவதில்லை.

அதிகம் பார்க்கக் கிடைப்பது ஆஸ் என்ற செம்புச் சில்லறைக் காசு: ஒருபுறம் இடப்பக்கம் பார்க்கும் கிளாடியஸின் வெறுந்தலை, மறுபுறம் ஈட்டி ஓங்கிய மினர்வா தேவி, அவளுக்கு இரு பக்கமும் செனட் ஆணையைச் சுட்டும் எஸ், சி எழுத்துகள். முகம் கோணலாக இருந்தால் நகல் என்று முடிவுகட்டுவதுதான் பெரிய தவறு. தேய்ந்த அசலும் கோணலாகத் தெரியும்; தேர்ந்த கை செதுக்கிய நகல் ரோமையே ஒத்திருக்கும்.

முதலில் எடை. அசல் ஆஸ் ஏறத்தாழ 10, 11 கிராம். நகல் பலவும் 9க்குக் கீழே, சில 5, 6 வரை இறங்கும். ஆனால் பச்சைக்களிம்பு அரித்த அசலும் எடை குறையும். ஆகவே விளிம்பையும் பாருங்கள். விளிம்பு அரிக்காமல் முழுதாக இருந்தும் தகடு சிறுத்து, எழுத்துகள் வெளியே ஓடியிருந்தால் சந்தேகம் வலுக்கும்.

அடுத்தது அச்சுத் திசை, அதாவது இருபுற உருவங்களும் ஒன்றுக்கொன்று நிற்கும் கோணம். தலை நிமிர்ந்திருக்க, நாணயத்தின் மேலும் கீழும் விரல் வைத்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். ரோம் அச்சில் மினர்வா பெரும்பாலும் தலைகீழாக வருவாள். நகலில் எந்தக் கோணத்திலும் நிற்பாள்.

எழுத்துகளில்தான் செதுக்கியவன் கை வெளிப்படும். கையிலிருந்த காசைப் பார்த்தபடியே அச்சில் வெட்டினால், அடிக்கும்போது எல்லாம் இடவலம் மாறும்: தலை வலப்பக்கம் திரும்பும், எஸ் புரண்டு நிற்கும். தேசத்தந்தைப் பட்டத்தைச் சுட்டும் இரண்டு பி எழுத்துகள் நகல்களில் பெரும்பாலும் இருக்காது. இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது, அந்தப் பட்டம் கி.பி. 42இல்தான் வந்தது, அதற்கு முந்தைய அசலிலும் அது இல்லை.

இரண்டு ஆஸ் மதிப்புள்ள துபோண்டியஸ் காசில் உலோகமும் உதவும். அசல் மஞ்சள் பித்தளை. நகல் செம்பு நிறம் காட்டலாம். நிறம் பார்க்கவென்று களிம்பைச் சுரண்ட வேண்டாம், உள்ள எழுத்தும் போய்விடும். பழைய கீறல் எங்காவது இருக்கும், அதில் பாருங்கள்.

விளிம்பைச் சுற்றி வார்ப்புக்கோடு, பரப்பில் காற்றுக்குமிழிக் குழிகள் இருந்தால் அது வார்த்தெடுத்தது. இந்த நகல்கள் பெரும்பாலும் அடித்தவை என்பதால் பிற்காலப் போலியா என்று முதலில் விசாரிக்க வேண்டும். எடை, விட்டம், அச்சுத் திசை, கிடைத்த இடம் நான்கையும் எழுதி, இருபுறமும் படம் எடுத்து வையுங்கள். ஒரே அச்சில் அடித்த மற்றொன்று வேறொரு முகாமில் கிடைத்தால், இரண்டும் ஒரே பட்டறையின் வேலை என்று சொல்ல அந்தப் பதிவு போதும்.