பத்துக் கிலோ குழந்தைக்கு மூன்று குப்பியா?

டிப்ளமோ நர்சிங்கில் சேர்ந்த புதிதில், இனிமேல் கணக்கே இருக்காது என்று நம்பியிருந்தேன். பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள்; ஆங்கிலத்தில் வரும் நோய்ப் பெயர்கள்தான் கஷ்டப்படுத்தும் என்று எதிர்பார்த்தேன். அவை ஆறு மாதத்தில் பழகிவிட்டன. மருந்தளவுக் கணக்குத் தேர்வில்தான் 20க்கு 6 வாங்கினேன்.

சூத்திரம் எனக்கு மனப்பாடம். கொடுக்க வேண்டிய அளவைக் குப்பியில் உள்ள மருந்தின் அளவால் வகுத்து, அது எத்தனை மில்லியில் கரைந்திருக்கிறதோ அதால் பெருக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் அந்தத் தேர்வில் வந்த ஒரு கணக்கு இது: குழந்தையின் எடை 10 கிலோ. அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி மருந்து, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் நாளுக்கு ஒரு முறை. கையில் இருக்கும் குப்பியில் 2 மில்லியில் 500 மில்லிகிராம். 150ஐ 500ஆல் வகுத்து 2ஆல் பெருக்கினால் 0.6 மில்லி. நான் 6 மில்லி என்று எழுதியிருந்தேன்.

மேடம் திட்டவில்லை. செய்முறை அறையிலிருந்து ஒரு காலிக் குப்பியை எடுத்துவந்து என் கையில் வைத்தார். "இதில் எவ்வளவு பிடிக்கும்?" என்றார். 2 மில்லி என்றேன். "அப்படியென்றால் உன் விடைக்கு எத்தனை குப்பி வேண்டும்?" மூன்று. ஒரு வயதுக் குழந்தைக்கு மூன்று முழுக் குப்பி, 1500 மில்லிகிராம், பத்து மடங்கு. அமிகாசின் மிகுந்தால் சிறுநீரகத்தையும் செவியையும் கெடுக்கும் என்று அதே வாரம் என் நோட்டில் நானே எழுதியிருந்தேன். ஆனால் கணக்குப் போடும்போது அது மருந்தாகவே என் கண்ணுக்குத் தெரியவில்லை, வெறும் எண்ணாகத்தான் இருந்தது.

அன்று மேடம் சொன்ன ஒரு பழக்கம்தான் என்னைக் கரையேற்றியது. பேனாவை எடுப்பதற்கு முன்பே விடை எங்கே விழும் என்று வாயால் சொல்லிவிட வேண்டும். ஒரு குப்பிக்கு மேலா, கீழா? பாதிக்கு மேலா, கீழா? 150 என்பது 500இல் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்படியானால் விடையும் 2 மில்லியில் மூன்றில் ஒரு பங்குக்குள்தான் இருக்க வேண்டும். இதைச் சொன்ன பிறகு யாராலும் 6 என்று எழுத முடியாது.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. அம்மா தொடக்கப் பள்ளியில் சத்துணவு சமையலர். அன்று அவருக்கு உதவப் போயிருந்தேன். "இன்றைக்கு 46 பிள்ளைகள், 4 கிலோ 600" என்றபடி அரிசி மூட்டையைத் திறந்தார். ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. அவருடைய டப்பாவில் 800 கிராம் பிடிக்கும். ஐந்தே முக்கால் டப்பா அளந்து போட்டுவிட்டு மூட்டையைக் கட்டினார். எல்லாம் ஒரே மூச்சில். எனக்குப் பொறி தட்டியது அங்கேதான். முதலில் இந்த ஆளுக்கு மொத்தம் எவ்வளவு வேண்டும், பிறகு அது என் அளவையில் எவ்வளவு. நான் இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு இரண்டையும் தனித்தனி வரியில்தான் எழுதினேன். 12 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 180 மில்லிகிராம். இது முதல் வரி, குழந்தையைப் பற்றியது. இரண்டாவது வரி பாட்டிலைப் பற்றியது. 5 மில்லியில் 250 என்றால் 3.6 மில்லி, 5 மில்லியில் 125 என்றால் 7.2 மில்லி. இரண்டு பாட்டிலும் கடையில் கிடைக்கின்றன. அதனால் "ஐந்து மில்லி கொடுங்கள்" என்று மட்டும் யாராவது சொன்னால் நான் இன்றும் ஏற்பதில்லை; எத்தனை மில்லிகிராம் என்று கேட்டுவிடுவேன்.

நரம்பு வழியே திரவம் ஏற்றும்போது நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று பார்க்கும் சொட்டுக் கணக்கு எளிதாகவே வந்தது. 500 மில்லி, 4 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய் செட் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 42. சிறு சொட்டாக விழும் மைக்ரோ செட்டில் மில்லிக்கு 60 சொட்டு என்பதால், மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.

இன்சுலின் அப்படியல்ல. அங்கே கணக்கு சரியாக இருந்தும் தவறு நடக்கலாம். நம் ஊர்க் குப்பிகளில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கானது. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட்தான். சூத்திரத்துக்கு மூடியின் நிறம் தெரியாது. படிக்கும் பிள்ளைகளுக்கு முதல் நாளே இரண்டு சிரிஞ்சையும் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். 60 கிலோ நோயாளிக்கு, இரத்த அழுத்தத்தை உயர்த்தும் டோபமைன் மருந்து, கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் என்று குறிப்பு வரும். நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம், மணிக்கு 18 மில்லிகிராம். 50 மில்லி சிரிஞ்சில் 200 மில்லிகிராம் கலந்திருந்தால் மில்லிக்கு 4 மில்லிகிராம். ஆக மணிக்கு 4.5 மில்லி. எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதாமல் அடுத்த வரிக்குப் போவதில்லை. மைக்ரோகிராமும் மில்லிகிராமும் மாறினால் ஆயிரம் மடங்கு.

போட்டு முடித்த விடையை மடித்து வைத்துவிட்டு, மருத்துவரின் குறிப்பை மட்டும் பக்கத்துப் படுக்கையைப் பார்க்கும் சிஸ்டரிடம் நீட்டுகிறேன். அவர் தனியாகப் போடுகிறார். இரண்டு தாள்களிலும் 4.5 என்று இருந்தால் மருந்தைச் செலுத்தும் பம்ப்பை ஓடவிடுகிறோம். இல்லையென்றால் இருவரும் முதல் வரியிலிருந்து தொடங்குகிறோம்.